ஏட்டில் ஏறாதோர் வரலாறு

நுழையும்முன்

நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வில் எழுதப்பட்டது சிறிது. எழுதப்பட்டதிலும் கறையானுக்கும் மழைக்கும் தப்பிக் காக்கப்பட்டது அதனினும் சிறிது. அரசர், அதிகாரிகள், நிலவுடைமையாளர் ஆகியோரைப் பற்றிய பதிவுகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. நிலமும் கல்வியும் மறுக்கப்பட்ட மக்களைப் பற்றிய பதிவுகள் அரிதாகவே கிடைக்கின்றன. அம்மக்களின் வரலாற்றுச் சான்றுகளைத் தேடிக் காப்பதில் மாணவர் பங்கு யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லில் இருப்போரும் இல்லாதோரும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாசாப்பேட்டை நோக்கி மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் தாமல் என்னும் ஊர் அமைந்துள்ளது. பழந்தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று தாமல் கோட்டம். ஊரை ஒட்டிப் பரந்து கிடக்கும் ஏரி, காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றாகும். கோயிலும் ஏரியும் தறியும் சேர்ந்து உருவாக்கிய நிலப்பகுதி இது.

இப்பகுதியின் ஏரிகளை நம் முன்னோர் எவ்வாறு பேணினர் என்பதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் புகழ்பெற்றவை. ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த செய்தியை அவை விரிவாகத் தருகின்றன. உறுப்பினராவதற்குரிய தகுதிகளையும் அவை வரையறுக்கின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியவராகவும் இருத்தல் வேண்டும் என்பது அத்தகுதிகளுள் அடங்கும்.

நிலம் இல்லாதவர் வாரியத்தில் இடம்பெற இயலாது. ஆயினும் ஏரியில் இறங்கி வண்டல் அள்ளியவரும், கரையை உயர்த்தியவரும், நள்ளிரவில் மதகு காத்தவரும் பெரும்பாலும் நிலம் இல்லாதவரே. ஏரியை ஆண்டவர் யார் எனக் கல்வெட்டு கூறுகிறது. ஏரியைத் தோண்டியவர் பெயரை அது கூறவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் பொறித்த கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களைக் குறிக்கும்போது ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ ஆகிய குடியிருப்புகளும் குறிக்கப்படுகின்றன. அங்கே ஒரு குடியிருப்பு இருந்தது என்பதை அச்சொற்களால் அறிகிறோம். அங்கு வாழ்ந்த மனிதர் ஒருவரின் பெயரைக்கூட அறிய முடிவதில்லை. எழுதும் கருவி எவர் கையில் இருந்ததோ அவருடைய நோக்கே ஆவணத்தின் நோக்காக அமைந்துவிடுகிறது. வரலாற்றைக் கற்பவர் முதலில் உணரவேண்டிய உண்மை இதுவே.

‘வரலாறு இல்லை’ என்ற சொல்

இந்நிலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட கறுப்பின மக்களின் பெயர்கள் அமெரிக்கப் பண்ணை முதலாளிகளின் கணக்கேடுகளில் உடைமைப் பட்டியலாகவே இடம்பெற்றன. கால்நடைகளின் எண்ணிக்கைக்கு அருகில் மனிதரின் பெயரும் விலையும் எழுதப்பட்டன.

1874ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர் ஆர்துரோ சோம்பர்க். சிறுவனாக இருந்தபோது அவருடைய ஆசிரியர் ஒருவர், கறுப்பின மக்களுக்கு வரலாறும் இல்லை, பெருமைக்குரிய முன்னோரும் இல்லை என்று கூறியதாக அவரைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. அச்சொல்லுக்கு விடை தேடுவதையே அவர் தம் வாழ்நாள் பணியாக மேற்கொண்டார். நியூயார்க்கில் குடியேறி, அலுவலகப் பணி செய்துகொண்டே கறுப்பினத்தார் எழுதிய நூல்கள், கடிதங்கள், கையெழுத்துப் படிகள், ஓவியங்கள் ஆகியவற்றைத் தேடித் திரட்டினார். 1926ஆம் ஆண்டு அத்தொகுப்பு 10,000 டாலருக்கு வாங்கப்பட்டு, நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளையில் சேர்க்கப்பட்டது. இன்று உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர் நாடிவரும் சோம்பர்க் ஆய்வு மையம் அத்தொகுப்பிலிருந்து வளர்ந்ததே.

திரட்டுவதைப் போலவே வகைப்படுத்துவதும் பெரும் பணியாகும். வாசிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930ஆம் ஆண்டு நூலகராகப் பொறுப்பேற்றவர் தோரதி போர்ட்டர். அக்காலத்தில் பல நூலகங்கள், கறுப்பின எழுத்தாளர் எழுதிய நூல் கவிதையாயினும் இசை நூலாயினும் ‘அடிமைமுறை’, ‘குடியேற்றம்’ ஆகிய இரு பிரிவுகளுக்குரிய எண்களின்கீழ் அடுக்கிவைத்தன. போர்ட்டர் அம்முறையை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் சேர்த்து வகைப்படுத்தினார். ஒரு நூலை எங்கே வைக்கிறோம் என்பதும் அதை எழுதியவரை எவ்வாறு மதிக்கிறோம் என்பதைக் காட்டும் செயல் என்பதை அவர் பணி உணர்த்தியது.

இத்தகைய காப்பகங்களில் மாணவர்கள் பயிற்சி பெறுவது இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்கமாகியுள்ளது. அடிமைமுறை ஒழிந்தபின், விற்பனையால் பிரிக்கப்பட்ட தாயையும் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் தேடி விடுதலை பெற்றோர் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தனர். எந்த ஊரில், யாருடைய பண்ணையில், எப்போது இறுதியாகக் கண்டோம் என்னும் விவரங்கள் அவற்றில் உள்ளன. வில்லனோவா பல்கலைக்கழகம் முன்னெடுத்த திட்டத்தின்வழி அத்தகைய ஆயிரக்கணக்கான விளம்பரங்கள் தேடியெடுக்கப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டன. மங்கிய அச்செழுத்துகளைப் படித்துப் படியெடுக்கும் பணியில் மாணவர்களும் தன்னார்வலர்களும் ஈடுபட்டனர். தம் முன்னோரைத் தேடும் குடும்பங்களுக்கு அப்படிகள் இன்று வழிகாட்டுகின்றன.

தமிழ்நாட்டில் தொலைந்ததும் மீண்டதும்

தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கென இதழ்கள் நடத்திய வரலாறு நீண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அவர்கள் அச்சுக்கூடத்தின் ஆற்றலை உணர்ந்திருந்தனர்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டு ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். எப்பெயரைச் சொல்லித் தம் மக்களைப் பிறர் இழிவுபடுத்தினரோ அப்பெயரையே இதழுக்குச் சூட்டினார். ஏழாண்டுகள் நடைபெற்ற அவ்விதழ் வழியாக மக்களின் குறைகளை அரசுக்கு எடுத்துரைத்தார். 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். பின்னர் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் கலந்துகொண்டார். 1939ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார்.

இத்தகைய சிறப்புடைய ‘பறையன்’ இதழின் படிகள் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அதன் குரல் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஆங்கில அரசு, இந்திய மொழி இதழ்களில் தன்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்பதை அறிய மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தியது. அவர்கள் செய்திகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் அறிக்கை அளித்தனர். கண்காணிப்பதற்காக எழுதப்பட்ட அவ்வறிக்கைகளில் தொலைந்த பல இதழ்களின் செய்திகள் எஞ்சியுள்ளன. மூலம் அழிந்தபின் அதன் நிழலைக் கொண்டு உருவத்தை அறிய வேண்டியவராக ஆய்வாளர் இருக்கிறார்.

அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகள் மீண்ட வரலாறு இதனினும் நல்வாய்ப்புடையது. 1845ஆம் ஆண்டு பிறந்த அவர், தமிழும் சித்த மருத்துவமும் கற்றுத் தேர்ந்தவர். 1907ஆம் ஆண்டு சூன் திங்கள் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப்பின் அது ‘தமிழன்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. சமயம், இலக்கியம், மருத்துவம், வேளாண்மை, அரசியல் என அவர் தொடாத துறை இல்லை எனலாம். 1914ஆம் ஆண்டு அவர் மறைந்தார். பின்னர்க் கோலார் தங்கவயலில் வாழ்ந்த தமிழர்கள் அவருடைய நூல்களைப் பதிப்பித்தனர், ஜி. அப்பாதுரையார் 1926 முதல் ‘தமிழன்’ இதழை அங்கிருந்து மீண்டும் நடத்தினார்.

எனினும் பொதுவான தமிழ் வரலாற்று நூல்களில் அயோத்திதாசர் பெயர் நெடுங்காலம் இடம்பெறவில்லை. ‘தமிழன்’ இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றோர் தம் இல்லங்களில் பாதுகாத்து வந்தனர். அவ்விதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999ஆம் ஆண்டு பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்டது. அதன்பின்னரே தமிழகச் சமூக வரலாற்றை எழுதுவோர் அவரை விட்டுவிட்டு எழுத இயலாத நிலை உருவானது. 2005ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

‘பறையன்’ சிதறியது, ‘தமிழன்’ மீண்டது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எழுத்தின் தரத்தில் இல்லை. பழந்தாள் என்று எவரும் எடைக்குப் போட்டுவிடாமல், சில வீடுகளின் பெட்டிகளில் பல பத்தாண்டுகள் அவை காக்கப்பட்டமையே அவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

தெரிந்து தெளிவோம்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகைகள் எழுதிய ஓவியர். தம் வருவாயைச் செலவிட்டு நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றைத் தொகுத்தார். அவர் மறைவுக்குப்பின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1994ஆம் ஆண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது.

செங்கற்பட்டின் ஓர் அறிக்கை

பழைய ஆவணம் அறிவுக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் துணையாகும். அதற்குத் தக்க சான்று காஞ்சிபுரம் வட்டாரத்திலேயே உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அம்மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய ஜேம்ஸ் திரமென்ஹீர், அங்கு வாழ்ந்த பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891ஆம் ஆண்டு அரசுக்கு அறிக்கை ஒன்றை அளித்தார். உழைப்போர்க்கு நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடப் பிறர்க்கு உரியது, தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரர் தடுக்கின்றனர் என்னும் நிலைமைகளை அவ்வறிக்கை விளக்கியது. நிலமும் மனையும் பள்ளியும் வழங்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது.

அதனைத் தொடர்ந்து 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனைகளுடன் நிலம் ஒப்படைக்கும் முறை இவ்வாறு உருவாயிற்று. அந்நிலங்களைப் பஞ்சமி நிலங்கள் என வழங்குகிறோம். குறிப்பிட்ட காலம் வரை அவற்றை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பின் மாற்றுவதாயினும் அவ்வகுப்பினருக்கே மாற்றவேண்டும் என்பன முதன்மையான நிபந்தனைகள்.

காலப்போக்கில் இத்தகைய நிலங்களுள் பல பிறர் கைகளுக்குச் சென்றன. தம் பாட்டனாருக்கு வழங்கப்பட்ட நிலம் இதுதான் என ஒரு குடும்பம் மெய்ப்பிக்க வேண்டுமாயின், அதற்குத் துணையாவன பழைய நிலவரித்திட்டப் பதிவேடும், கிராமத்தின் ‘அ’ பதிவேடும், ஒப்படைப்பு ஆணையின் படியுமே. புல எண்ணுக்கு எதிரே ஓர் அலுவலர் எழுதிவைத்த ஒருவரிக் குறிப்பு, நூறாண்டு கடந்தபின் ஒரு குடும்பத்தின் உரிமையை நிலைநாட்டக்கூடும். அந்த ஏட்டின் ஓரம் செல்லரித்துப் போனால் அவ்வுரிமையும் உடன் மறையக்கூடும். ஆவணக் காப்பு என்பது தூசி படிந்த தாள்களைப் பற்றிய பணி எனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காப்பகத்தில் மாணவர் கற்பன

சென்னை எழும்பூரில் செந்நிறக் கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1909ஆம் ஆண்டு முதல் அவ்விடத்தில் உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் முதலான அரசு ஆவணங்கள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. இன்று கல்லூரிப் பட்டப்படிப்புகளில் உள்ளகப் பயிற்சி பாடத்திட்டத்தின் ஒரு கூறாக அமைந்துள்ளது. தொழிற்கூடம், மருத்துவமனை, வங்கி ஆகியவற்றைப் போலவே ஆவணக் காப்பகமும் ஆய்வு நூலகமும் மாணவர் பயிற்சி பெறுதற்குரிய இடங்களே. அங்கு மாணவர் கற்பன நான்கு எனலாம்.

முதலாவது, பொருளைக் கையாளுதல். கைகளைக் கழுவி உலர்த்தியபின்பே ஏட்டைத் தொடவேண்டும். மைக்கோலுக்கு அங்கே இடமில்லை. குறிப்பெடுக்கக் கரிக்கோலையே பயன்படுத்தவேண்டும். தூசியை மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைக்கவேண்டும். துருப்பிடித்த குண்டூசியைத் தாள் கிழியாமல் நீக்கவேண்டும். மரக்கூழால் செய்த தாளில் உள்ள அமிலம் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். கறையானும் இராமபாணப் பூச்சியும் எஞ்சியதை உண்ணும். ஆதலால் தாளின் இயல்பை அறிவது காப்பின் முதற்படி. கிழிந்த தாளைப் பசைநாடா கொண்டு ஒட்டுதல் கூடாது என்பதையும் மாணவர் அங்கே கற்பார். ஏனெனில் அப்பசை சில ஆண்டுகளில் காய்ந்து கறையாகி எழுத்தையே மறைத்துவிடும்.

இரண்டாவது, வரிசையைக் காத்தல். ஒருவர் இல்லத்திலிருந்து ஒரு பெட்டி நிறையத் தாள்கள் வந்தால், அவற்றைத் தம் விருப்பம்போல் பிரித்து அடுக்குதல் பிழையாகும். எக்கடிதத்துடன் எப்படம் இருந்தது என்பதும் ஒரு சான்று. எவரிடமிருந்து, எந்நாளில், எந்நிலையில் வந்தது என்பதைப் பதிந்தபின்பே அடுத்த பணியைத் தொடங்கவேண்டும்.

மூன்றாவது, விவரக் குறிப்பு எழுதுதல். பொருள் யாது, எழுதியவர் எவர், காலம் எது, பக்கங்கள் எத்தனை, நிலை எவ்வாறு உள்ளது என்பனவற்றைச் சுருக்கமாக எழுதவேண்டும். நிழற்படமாயின் அதில் உள்ளோர் பெயரை இடமிருந்து வலமாகக் குறிக்கவேண்டும். உறுதியாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதுதல் கூடாது. ஊகத்தை ஊகம் என்றே குறிக்கும் நேர்மை இப்பணியின் உயிர்நாடி.

நான்காவது, படித்துப் படியெடுத்தல். பழைய கையெழுத்தில் புள்ளி இல்லாத மெய்களும், கால்வாங்கிய எண்குறிகளும், வழக்கிழந்த அளவைப் பெயர்களும் வரும். ஒரு சொல்லை உறுதிசெய்ய ஒரு நாள் கழியக்கூடும். மின்வருடி சில நொடிகளில் படத்தை எடுத்துவிடும். அப்படத்தில் இருப்பது என்ன என்பதைத் தேடுவோர்க்குக் கிடைக்கும்படி எழுதிவைப்பது மனிதர் பணியே.

தேடுதற்குரிய சொல்

ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிய ஆவணங்களைத் தேடுவதில் தனித்த இடர்ப்பாடு ஒன்று உண்டு. காலந்தோறும் அம்மக்களைக் குறிக்க அரசு வெவ்வேறு சொற்களை ஆண்டது. 19ஆம் நூற்றாண்டுக் கோப்புகளில் சாதிப் பெயர்களும் ‘பஞ்சமர்’ என்னும் சொல்லும் காணப்படும். பின்னர் ‘ஒடுக்கப்பட்ட வகுப்பினர்’ என்னும் தொடர் வந்தது. எம். சி. இராஜா முதலியோர் முயற்சியால் 1922ஆம் ஆண்டு ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை அரசு ஏற்றது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்துக்குப்பின் ‘பட்டியல் சாதியினர்’ என்னும் வழக்கு நிலைபெற்றது. ஒரே ஊரின் ஒரே தெருவைப் பற்றிய செய்தி நான்கு பெயர்களின்கீழ் நான்கு இடங்களில் கிடக்கக்கூடும்.

துறையின் பெயரும் தேடுவோரைத் திகைக்கச் செய்யும். 1920களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை, கிணறு, பள்ளி ஆகியவற்றை ஏற்படுத்தும் பொறுப்பு தொழிலாளர் ஆணையரிடம் இருந்தது. ஆகவே அக்காலத்தில் சேரியில் தோண்டப்பட்ட குடிநீர்க் கிணற்றின் வரலாற்றை அறிய விரும்பும் மாணவர் தொழிலாளர் துறைக் கோப்புகளைப் புரட்டவேண்டும். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் பலவற்றின் தொடக்கம் அக்காலத் தொழிலாளர் பள்ளிகளில் உள்ளது.

பழைய ஆவணங்களில் இன்று நாம் ஏற்க இயலாத இழிசொற்களும் காணப்படும். அவற்றை அழித்தலோ மாற்றி எழுதுதலோ முறையாகாது. அநீதி நடந்தமைக்கு அச்சொற்களே சான்று. மூலத்தை உள்ளவாறே காத்து, நாம் எழுதும் விவரக் குறிப்பில் மதிப்புடைய சொற்களை ஆளவேண்டும். தோரதி போர்ட்டர் ஹோவர்டு நூலகத்தில் ஆற்றிய பணியின் பொருள் இங்கே தெளிவாகும்.

நம் ஊரில் தொடங்குவோம்

இப்பணியைக் கற்க எல்லாரும் எழும்பூருக்குச் செல்லவேண்டுவதில்லை. தாமலில் படிக்கும் மாணவர் தம் தெருவிலேயே தொடங்கலாம். நிலப் பட்டா, பள்ளிச் சான்றிதழ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கணக்குப் புத்தகம், திருமண அழைப்பிதழ், படைப்பணியிலிருந்து எழுதிய கடிதம், கருமாதிப் பத்திரிகை, பழைய நிழற்படம் என ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு காப்பகம் இருக்கிறது. வீடு இடித்துக் கட்டும்போதும், முதியோர் மறையும்போதும் அவை குப்பையோடு சேர்ந்து போகின்றன.

எழுதப்படாதவற்றை முதியோர் நினைவிலிருந்தே பெறவேண்டும். ஏரி உடைந்த ஆண்டு, தெருவுக்கு முதற்கிணறு வந்த நாள், முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற பெண், பண்ணையாள் முறையில் பட்ட துன்பம், அறுவடைக் களத்தில் அளந்த கூலி ஆகியன எந்த அலுவலகக் கோப்பிலும் முழுமையாக இரா. பட்டுத்தறியில் முன்பணத்துக்கு ஈடாகச் சிறுவர் துணைவேலை செய்த காலம் ஒன்று காஞ்சிபுரம் வட்டாரத்தில் இருந்தது. பள்ளிக்குச் செல்லாமல் தறிக்குழியருகே வளர்ந்தோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். நெய்த சேலை பெட்டியில் காக்கப்படுகிறது. நெய்தவர் நினைவு காக்கப்படுவதில்லை.

இவற்றைப் பதிவுசெய்வோர் சில நெறிகளைப் போற்றவேண்டும். பேசுவோரின் இசைவைப் பெற்றபின்பே ஒலிப்பதிவு செய்யவேண்டும். சொல்ல விரும்பாததைத் தூண்டித் துருவுதல் கூடாது. அவர் சொன்ன வட்டார வழக்கைத் திருத்தாமல் எழுதவேண்டும். எவருடைய ஆவணத்தையும் எடுத்துச் செல்லாமல், படம் எடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே ஒப்படைக்கவேண்டும். பதிவின் படியொன்றை அக்குடும்பத்துக்கு அளிக்கவேண்டும். ஒருவர் துயரத்தைக் கேட்டுச் சென்று, அதனை அவரிடம் திரும்பக் காட்டாமல் இருப்பது பழைய கணக்கேடுகள் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும்.

பதிவுகளைப் பள்ளி நூலகத்தில் முறையாக எண்ணிட்டு வைக்கலாம். அரிய அச்சு நூல்களோ இதழ்களோ கிடைப்பின், உரியோர் இசைவுடன் ஆய்வு நூலகங்களுக்கும் மின்னூலகம் நடத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கும் தெரிவிக்கலாம். இலங்கைத் தமிழர்கள் 2005 முதல் ‘நூலகம்’ என்னும் இணைய ஆவணகத்தைத் தன்னார்வலர் உழைப்பால் வளர்த்து வருவது இதற்கு நல்ல முன்மாதிரியாகும்.

நிறைவாக

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படிக்கும் நாம் அதன் ஆட்சிமுறையை எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம், அது முறையே. அவ்வேரியின் வண்டலைச் சுமந்தவர் பெயர் அதில் இல்லை என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விடுபட்ட பெயர்களை நம்மால் மீட்க இயலாது. ஆனால் தாமல் ஏரியைத் தூர்வாரிய முதியவர் ஒருவர் இன்று நம் தெருவில் அமர்ந்திருக்கிறார். அவர் பெயரையும் அவர் சொல்லும் செய்தியையும் எழுதிவைக்கும் வாய்ப்பு நமக்கு உள்ளது. அவ்வாய்ப்பு நெடுநாள் காத்திராது. ஒரு குறிப்பேடும் கரிக்கோலும் பொறுமையும் இருப்பின், வரலாற்றில் விடுபட்டோர் வரிசை நம் காலத்தில் மேலும் நீளாமல் தடுக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள பழைய ஆவணம் ஒன்றைத் தெரிவுசெய்து, அதன் பொருள், காலம், பக்க எண்ணிக்கை, நிலை ஆகியன அடங்கிய விவரக் குறிப்பு எழுதுக.

2. உங்கள் ஊரின் முதியவர் ஒருவரிடம் அவருடைய இளமைக்காலத் தொழில், கூலி, கல்வி பற்றி இசைவு பெற்றுக் கேட்டறிந்து, அவர் பேச்சுவழக்கு மாறாமல் இரண்டு பக்க அளவில் பதிவுசெய்து, ஒரு படியை அவருக்கு அளிக்க.

3. உங்கள் பள்ளி தொடங்கப்பட்ட வரலாற்றைப் பழைய சேர்க்கைப் பதிவேடு, ஆண்டுமலர், நிழற்படம் ஆகியவற்றின் துணைகொண்டு தொகுத்து வகுப்பில் படிக்க.

குறுவினா

1. ‘பறையன்’ இதழின் செய்திகள் எஞ்சியிருப்பதற்குக் காரணமாக அமைந்தது எது?

2. கிழிந்த தாளைப் பசைநாடா கொண்டு ஒட்டுதல் ஏன் தவிர்க்கப்படவேண்டும்?

சிறுவினா

1. நூல்களை வகைப்படுத்துவதில் தோரதி போர்ட்டர் செய்த மாற்றத்தையும் அதன் பொருளையும் விளக்குக.

2. ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிய ஆவணங்களைத் தேடுவோர் காலந்தோறும் மாறிய சொற்களை அறிந்திருக்க வேண்டுவது ஏன்?

நெடுவினா

‘பழைய ஆவணம் அறிவுக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் துணையாகும்’ – செங்கற்பட்டு அறிக்கையையும் அயோத்திதாசர் எழுத்துகள் மீண்ட வரலாற்றையும் சான்றாகக் கொண்டு நிறுவுக.